உருளைக்கிழங்குத் தாலாட்டு

எங்கள் காதிஸ் ஊரில் ஒருத்தியைச் சந்தி சிரிக்க வைக்கக் கத்தியும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம். நாலு வரி எழுதி, இரண்டு கிடார் சேர்த்து, கார்னிவல் திருவிழாவில் பாடிவிட்டால் போதும். மறுநாள் காலையில் மீன்காரன் தராசைப் பிடித்துக்கொண்டே அதை முணுமுணுப்பான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைக் கத்திக்கொண்டு ஓடும். பூசை முடித்துவரும் பாதிரியார்கூட வாய்க்குள் பாடுவார். பாட்டில் மாட்டியவள் என்ன செய்ய வேண்டும்? சிரிக்க வேண்டும். அதுதான் இங்கே சட்டம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவளுக்கு அடுத்த வருஷம் இன்னும் நாலு வரி கிடைக்கும்.

நானும் அந்தச் சட்டத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். மேயரைப் பாடினால் சிரித்திருக்கிறேன். எங்கள் தெரு பேக்கரிக்காரனின் மனைவி ஓடிப்போனதைப் பாடியபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

என் பெயர் பால்மா. வின்யா பேட்டையில் தையல்காரி. என் புருஷன் சானோ துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். கார்னிவல் வந்தால் தோபாலோவின் கேலிப்பாட்டுக் கோஷ்டியில் பெரிய மேளம் அடிக்கிறவன். தோபாலோ சலூன் வைத்திருக்கிறான். கோஷ்டிக்குப் பாட்டெழுதுகிறவனும் அவன்தான். சவரக்கத்தியைக் கையில் கொஞ்ச நேரமும் நாக்கில் மற்ற நேரமும் வைத்திருக்கிறவன். என்னை 'மதினி' என்று கூப்பிடுவான். என் சமையலை என் புருஷனைவிட அதிகம் தின்றவன் அவன்.

அந்த வருஷம் அவர்களுக்கு இராக்காவல்காரர் வேஷம். சும்மா காவல்காரர் இல்லை, தூங்குமூஞ்சிக் காவல்காரர்கள். கணுக்கால் வரைக்கும் தொங்கும் இரவு அங்கி, குஞ்சம் வைத்த தொப்பி, இடுப்பில் சாவிக்கொத்து, கக்கத்தில் தலையணை. அத்தனையும் நான் தைத்தது. கூலி வாங்கவில்லை, குடும்பத்துக்குள் என்ன கூலி? இலையுதிர் காலம் முழுக்க என் மிஷின் ஓய்ந்து நான் பார்க்கவில்லை.

இந்தக் கேலிப்பாட்டுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மெட்டு ஒன்றுதான், பாட்டு மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் பின்னால் அதே பல்லவி வந்தாக வேண்டும். கடைசி வரியின் கடைசிச் சொல் விழுந்ததும் மேளத்தில் ஒரு அடி, உடனே அத்தனை பேரும் பல்லவியில் குதிப்பார்கள். செத்தவனைப் பற்றிப் பாடினாலும் பல்லவி வரும். அந்த வருஷத்துப் பல்லவி ஒரு தாலாட்டு.

தூங்கு ஊரே, தூங்கு,
ஒண்ணும் இல்லை, தூங்கு,
காவலுக்கு நாங்க இருக்கோம்,
கொர்ர்ர்... நீயும் தூங்கு!

அந்தக் 'கொர்ர்ர்' இடத்தில் எல்லாரும் தலையணையில் சாய்ந்து குறட்டை விடுவார்கள். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. போட்டி நாள் வரைக்கும் பாட்டின் சொல் ஒன்றுகூட வெளியே கசியக் கூடாது, பெற்ற தாய்க்குக்கூட. சலூனுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில்தான் ஒத்திகை. அங்கியின் அளவு பார்க்க நான் உள்ளே நுழைந்தால் போதும், சட்டென்று சொல்லை விட்டுவிட்டு நாணல் ஊதியை வாயில் வைத்து மெட்டை மட்டும் ஊதுவார்கள். எனக்கோ பெருமை! "என் கோஷ்டியைப் பாரு, எவ்வளவு கட்டுப்பாடு" என்று பழக்கடைக் காந்தெலாவிடம் அளந்தேன். வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு, தோபாலோவின் காலடியில் மண்டியிட்டு அங்கி விளிம்பை மடித்துக் குத்தியவள் நான். தலைக்குமேல் அவர்கள் ஊதிக்கொண்டிருந்தது என்னைத்தான் என்று எந்தச் சாமி வந்து எனக்குச் சொல்லும்?

இனி வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு குழந்தைத் தள்ளுவண்டி நிற்கும். துணி உருளைகள், சந்தைச் சாமான்கள் எல்லாம் அதில்தான் வரும். வடக்கே பில்பாவோவில் சானோவுக்குக் கப்பல் பட்டறை வேலை இருந்த காலத்தில் வாங்கியது. வேலை முடிந்து ஊர் திரும்பியபோது அதில் சட்டி பானையை ஏற்றிக்கொண்டு வந்தோம். தையல்காரி எங்கேயோ மலிவாக ஒரு பழைய வண்டி பிடித்திருக்கிறாள் என்று ஊர் நினைத்தது. நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அது பழைய வண்டி இல்லை. கடையில் புதிதாக வாங்கியது. வாங்கும்போது எனக்கு ஐந்தாவது மாதம். கண்பட்டுவிடும் என்று ஊருக்கு எழுதாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். அந்த மாதமே ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது. அப்புறம் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. இது எனக்கும் சானோவுக்கும் மட்டும் தெரியும்.

ஒரு நாள் உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு சந்தையிலிருந்து வந்தேன். கீழைக்காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. மண் விழாமலிருக்கப் போர்வையை இழுத்து மூடியிருந்தேன். வெளியூர்க் கன்னியாஸ்திரீ ஒருத்தி எதிரே வந்து குனிந்து, "தூங்குதா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'உருளைக்கிழங்கு' என்று சொல்லியிருக்க வேண்டும். "ஆமாம் சிஸ்டர், இப்பத்தான் கண்ணசந்துது" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் சிலுவை போட்டு ஆசீர்வதித்துவிட்டுப் போனாள். அப்புறம் வீடு வரைக்கும் கல் குலுங்காமல் மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் சானோவிடம் இதைச் சொன்னேன். சிரிப்பாகத்தான் ஆரம்பித்தேன், பாதியில் அழுகை வந்துவிட்டது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அவனும் அழுதான். உரித்த கிழங்கு அப்படியே கிடந்தது. அவன் அழுதான் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆற மாட்டேன் என்கிறது. கல்நெஞ்சுக்காரன் என்றால் தலைமுழுகிவிட்டுப் போகலாம்.

போட்டி அன்று பெரிய தியேட்டரின் மேல்மாடத்தில் காந்தெலாவோடு உட்கார்ந்திருந்தேன். வீட்டிலிருந்தவர்கள் எல்லாரும் ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். திரை விலகியதும் என் அங்கிகளுக்கே ஒரு கைதட்டல் விழுந்தது. முதல் பாட்டு மேயரின் தொப்பையைப் பற்றி. பல்லவி, குறட்டை, சிரிப்பு. இரண்டாவது பாட்டுக்குத் தோபாலோ ஒரு அடி முன்னால் வந்தான்.

தள்ளுவண்டி தள்ளிக்கிட்டுத் தையக்காரி வாறா,
தங்கம் ஒண்ணு தூங்குதுன்னு சத்தம் வேண்டாங்குறா;
போர்வையத்தான் தூக்கிப் பார்த்தேன், பொறந்த பிள்ளை இல்லை,
பொடிமண்ணு ஒட்டிக்கிட்ட உருளைக்கிழங்கு மூட்டை!

டும். தூங்கு ஊரே, தூங்கு.

தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. காந்தெலா என் விலாவில் இடித்தாள். "ஏடி, உன்னைத்தான்டி பாடுறாங்க! கொடுத்து வச்சவடி நீ! நான் இத்தனை வருஷமா பழம் விக்கிறேன், ஒரு பய என்னைப் பாடினானா?"

மாடத்தில் இருந்த எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். சிரித்தேன். கையை வேறு ஆட்டினேன். என் பல்லை எல்லாம் காட்டிச் சிரித்துக்கொண்டே கீழே மேடையைப் பார்த்தேன். சானோ மேளத்தின் தோலையே பார்த்துக்கொண்டிருந்தான், தலையைத் தூக்கவே இல்லை. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மறுநாள் மத்தியானம் அவன் எழுந்து வந்து உட்காரும்வரை காத்திருந்தேன். முன்னால் ரொட்டியை வைத்தேன். சூப்பை வைக்கவில்லை.

"நான் யாரு பேரையும் சொல்லலையே பால்மா" என்று ஆரம்பித்தான்.

"வின்யாவுல வண்டி தள்ளுற தையக்காரி எத்தனை பேருய்யா இருக்கா?"

"தோபாலோவுக்கு ஒரு பாட்டு குறைஞ்சுது. சலூன்ல உக்காந்திருந்தோம், ஆளுக்கு ரெண்டு கிளாஸ் உள்ள போயிருந்துது. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. நான் உருளைக்கிழங்கைச் சொன்னேன். அதை மட்டுந்தான்! பிள்ளை விஷயத்தை மூச்சு விடலை. எங்கம்மா மேல சத்தியம்."

"பாட்டு குறைஞ்சா பொண்டாட்டி வயித்தை எடுத்துக் குடுப்பியா?"

"ஊரே உன்னைக் கொண்டாடுதுடி. மீன்கடைல காசு வேண்டாங்குறான்."

"ஒத்திகைல எத்தனை தடவை பாடியிருப்பீங்க? நான் உள்ள வந்ததும் ஊதியை வாயில வச்சீங்களே, அப்ப உனக்கு ஒண்ணும் செய்யலையா?"

"நான் பாடவே இல்லை பால்மா. நான் மேளந்தானே அடிச்சேன்."

அவன் தலையில் சூப்பைக் கொட்டலாமா என்றுகூட யோசித்தேன். நல்ல வேளை, அடுப்பு தள்ளி இருந்தது.

"சரி, நடந்தது நடந்துடுச்சு" என்றேன். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். தியேட்டரோட போகட்டும், தெருவுல இதைப் பாட வேண்டாம். தோபாலோகிட்ட நீ சொல்லு. காரணம் சொல்ல வேண்டாம். என் பொண்டாட்டிக்குப் பிடிக்கலைன்னு சொல்லு, போதும்."

"சொல்றேன்."

"ஜனங்க கேப்பாங்க. கத்துவாங்க."

"கத்தட்டும். நான் அடிக்க மாட்டேன். மேளம் இல்லாம என்னத்தைப் பாடுவானுங்க?" என் கையைப் பிடித்துக்கொண்டான். அடுப்படியில் அன்று பிடித்த மாதிரியே பிடித்தான். நான் நம்பினேன். சூப்பை ஊற்றினேன்.

கார்னிவல் ஞாயிறு வந்தது. தெருவெல்லாம் வேஷம், பொரித்த மீன் வாசனை. பாடகர் கோஷ்டிகள் மூலைக்கு மூலை நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டிலேயே இருந்தேன். வெளியே தலை காட்டினால் "உருளைக்கிழங்கு முழிச்சுடுச்சா?" என்று ஒருத்தனாவது கேட்பான். பாவம், அன்பாகத்தான் கேட்பான்.

காந்தெலாவின் பெண்ணுக்கு ஒரு வேஷம் தைத்து வைத்திருந்தேன். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று கீழே இறங்கினால் படிக்கட்டுக்குக் கீழே வண்டியைக் காணோம். திருட்டுப் போய்விட்டது என்றுதான் முதலில் பதறினேன்.

கீழ்வீட்டுக் கிழவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "தோபாலோ வந்து தள்ளிக்கிட்டுப் போனாம்மா. உங்க வீட்டுக்காரரும் கூடத்தான் போனார். நாந்தான் கதவைப் பிடிச்சேன்."

நான் ஓடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். ஊர் பூரா மேளச்சத்தம்தான்; அதில் என் புருஷன் அடியை நான் தனியாகப் பிரித்துவிடுவேன். அடித்து முடிந்ததும் உள்ளங்கையால் தோலை ஒரு தட்டுத் தட்டி அடக்குவான், வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டே எனக்குப் பெயர் தந்த பால்மா மாதா கோயில் மூலைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மூலையை அடைத்துக்கொண்டு கூட்டம். "உருளைக்கிழங்கு! உருளைக்கிழங்கு!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் வண்டி. வண்டிக்குள் என் போர்வை. போர்வைக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு பெரிய உருளைக்கிழங்கு ஒன்று, தலையில் தொப்பியோடு.

வெள்ளைத் தொப்பி. ஓரத்தில் மஞ்சள் நூலில் பூவேலை. பில்பாவோவில் மழை நாட்களில் உட்கார்ந்து நான் தைத்தது.

வண்டியைத் தோபாலோ கேட்டிருப்பான். சானோவுக்கு மறுக்க வாய் எழும்பியிருக்காது, விட்டிருப்பான். அதுவரைக்கும்கூட மனசைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தொப்பி என் மிஷினின் கடைசி இழுப்பறையில், பொத்தான் டப்பாவுக்குப் பின்னால், காகிதத்தில் சுற்றி இருந்தது. அந்த இடம் தோபாலோவுக்குத் தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது.

பாட்டு ஆரம்பமாகி, முடிந்து, டும் என்று அடியும் விழுந்தது. மேளம் இல்லாமல் என்னத்தைப் பாடுவானுங்க என்று கேட்டவன்தான் அடித்தான்.

பல்லவி முடிந்ததும் தோபாலோ என்னைப் பார்த்துவிட்டான். "வாங்க மதினி, வாங்க! வழி விடுங்கப்பா, பிள்ளையோட அம்மா வந்தாச்சு!"

கூட்டம் விலகிக் கை தட்டியது. காந்தெலா ஒரு பக்கம் மீன்பொட்டலத்தோடு நின்று கூவிக்கொண்டிருந்தாள். யாரோ என் கையில் ஒயின் கிளாஸைத் திணித்தார்கள். சானோவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

"மதினி பதில் பாட்டுப் பாடணும்!" என்றான் தோபாலோ. "பாட்டுல வந்தவங்களுக்கு அந்த உரிமை உண்டு. என்ன சனங்களே?"

உண்டு. அதுவும் எங்கள் ஊர்ச் சட்டம்தான். அதே மெட்டில், அதே இடத்தில், உடனே பாட வேண்டும். பெரும்பாலும் வெட்கப்பட்டுக்கொண்டு ஓடிவிடுவார்கள். கிடார்கள் ஆரம்பித்துவிட்டன. மெட்டு எனக்குத் தெரியாதா? இலையுதிர் காலம் முழுக்க என் தலைக்குமேல் ஊதியதாயிற்றே! கிளாஸைக் கீழே வைத்தேன். எனக்குக் குரல் கிடையாது, கரகரப்பான தொண்டை. இருந்தாலும் பாடினேன்.

தள்ளுவண்டி வாங்கி வந்த தையக்காரி நான்தான்,
தங்கம் ஒண்ணு வருமுன்னு தச்ச தொப்பி இதுதான்;
அஞ்சு மாசம் சுமந்த பிள்ளை ஆஸ்பத்திரில போச்சு,
வெறும் வண்டி பார்க்க மாட்டாம உருளைக்கிழங்கு ஆச்சு.

முதல் வரிக்குச் சிரித்தார்கள். இரண்டாவது வரிக்குப் பாதிப்பேர் சிரித்தார்கள். மூன்றாவதில் காந்தெலாவின் கை வாய்க்குப் போனது. தோபாலோவின் முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்கு அப்போது புரிந்தது. சானோ என்னிடம் சொன்னதில் அந்த ஒன்று மட்டும் உண்மை.

நான் சானோவைப் பார்த்தேன். குச்சி மேலே தூக்கியபடி இருந்தது.

மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன். அம்மா, அந்தக் குச்சி மட்டும் இறங்க வேண்டாம். சலூனில் குடித்துவிட்டு உளறினதை மன்னித்துவிடுகிறேன். தியேட்டரை மன்னித்துவிடுகிறேன். அடிக்க மாட்டேன் என்று கொடுத்த வாக்கையும், தொப்பியையும்கூட விழுங்கிவிடுகிறேன். இந்த ஒரு தடவை அவன் கை நிற்கட்டும். அவன் குச்சியைக் கீழே போட்டுவிட்டு ஒரு அடி என் பக்கமாக வைக்கட்டும். இரண்டு பேருமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம்.

டும்.

மேளம் விழுந்ததும் கோஷ்டி முழுக்கப் பல்லவியில் குதித்தது. தூங்கு ஊரே, தூங்கு, ஒண்ணும் இல்லை, தூங்கு. அதற்குள் சிலருக்கு உறைத்து நிறுத்திவிட்டார்கள். தோபாலோ இரண்டு கையையும் வீசி "நிறுத்துங்கடா, நிறுத்துங்கடா" என்றான். பின்வரிசையில் எவனோ ஒருவன், அவனுக்கு ஒன்றும் கேட்டிருக்காது, தலையணையில் சாய்ந்து குறட்டைகூட விட்டான். சானோ உள்ளங்கையால் தோலைத் தட்டி அடக்கினான். அப்புறம்தான் தன் கையைத் தானே பார்த்தான்.

நான் உருளைக்கிழங்கின் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினேன். மண் ஒட்டியிருந்தது. உதறிவிட்டு மடித்துப் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டேன். வண்டியைத் தொடவில்லை. யாரும் என்னை நிறுத்தவில்லை. காந்தெலா மட்டும் மீன்பொட்டலத்தை எங்கேயோ போட்டுவிட்டு என் பின்னாலேயே வீடு வரைக்கும் நடந்து வந்தாள். அவள் பேசாமல் நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

துணிமணியைக் கட்டி வைத்துவிட்டு மிஷினுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தபோது சானோ வந்தான். நான் தைத்த இரவு அங்கியோடு வாசலில் நின்றான். தொப்பிக் குஞ்சம் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டுதான் இருந்தான்.

"வேணும்னு அடிக்கலை பால்மா. கை தானா விழுந்துடுச்சு."

"தெரியும்யா" என்றேன். "யோசிச்சு அடிச்சிருந்தா சண்டை போட்டுட்டு இங்கேயே இருந்திருப்பேன். தானா விழுற கையோட என்னத்தைச் சண்டை போடுறது? கொஞ்சம் வழி விடு, காந்தெலா கீழ நிக்கிறா."